கிரேடு அட்டையைப் படிப்பது எப்படி? தொடக்கப்பள்ளிப் பெற்றோருக்கு ஒரு செய்முறை

கொங்குப் பக்கம் "எத்தனை மார்க்கு, எத்தனாவது ரேங்க்கு?" என்று கேட்டே பழகிவிட்டோம். நாமக்கல், ராசிபுரம் விடுதிப் பள்ளிகள் மார்க்குக்குப் பேர் போனவை. அந்த எதிர்பார்ப்பு ஒண்ணாம் வகுப்பு வரை இறங்கிவிட்டது. அதனால் அட்டையில் ரேங்க் இல்லாமல் 'பி1', 'சி1' என்று மட்டும் வந்தால் பலருக்குப் பதற்றம் வருகிறது. அட்டையையும் ஒரு பேனாவையும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

1. எழுத்துக்குப் பின்னால் உள்ள மார்க்கைக் கண்டுபிடியுங்கள்

தமிழ்நாட்டில் 2012-13இல் முப்பருவ முறையோடு வந்த அளவு இது: 91-100 ஏ1, 81-90 ஏ2, 71-80 பி1, 61-70 பி2, 51-60 சி1, 41-50 சி2, 33-40 டி. அதற்குக் கீழே இ1, இ2. தனியார் பள்ளிகளில் அளவு வேறாக இருக்கலாம். அட்டையில் அச்சிட்டிருக்கிறார்களா என்று பாருங்கள், இல்லையென்றால் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

80 எடுத்தால் பி1, 81 எடுத்தால் ஏ2. ஆனால் 71-உம் 80-உம் ஒரே பி1தான். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் எழுத்தோடு ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை.

2. நூறை இரண்டாகப் பிரியுங்கள்

இந்த அட்டையில் மிக முக்கியமான இடம் இதுதான். பெரும்பாலோர் பார்க்காமல் விடுவதும் இதைத்தான். ஒவ்வொரு பருவத்திலும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவக் கடைசித் தேர்வான தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60. அட்டையில் எஃப்.ஏ., எஸ்.ஏ. என்று இருக்கும். அந்த 40இல் வகுப்பறைச் செயல்பாடுகளுக்கு 20, சிறு தேர்வுகளுக்கு 20.

கணக்கில் இரண்டு பிள்ளைகள் 74 வாங்கியதாக வைத்துக்கொள்வோம். ஒருத்திக்கு வளரறியில் 38, தொகுத்தறியில் 36. இன்னொருவனுக்கு வளரறியில் 24, தொகுத்தறியில் 50. இருவருக்கும் பி1. ஆனால் முதல் பிள்ளைக்கு வகுப்பில் கணக்கு நன்றாக வருகிறது, பெரிய தேர்வில் தடுமாறுகிறாள். கேள்வியை வாசிக்க நேரம் ஆகிறதா, பயமா என்று பார்க்க வேண்டும். இரண்டாவது பிள்ளை தேர்வை எழுதிவிடுகிறான், வகுப்பில்தான் குறைகிறது. மாரியம்மன் நோம்பிக்கு ஊருக்குப் போய் நாலு நாள் லீவு போட்டிருக்கலாம், எல்லார் முன்னாலும் பேசக் கூச்சமாக இருக்கலாம். இருவரையும் ஒரே டியூஷனில் சேர்த்தால் யாருக்கும் பயன் இல்லை.

இன்னொன்று. வகுப்பறைச் செயல்பாடுகளில் வரும் செயல்திட்டத்தை (புராஜெக்ட்) அம்மாவோ அப்பாவோ செய்து கொடுத்துவிட்டால், அந்த மார்க் பிள்ளையைப் பற்றி எதுவுமே சொல்லாது. கோணல்மாணலாக இருந்தாலும் பிள்ளை ஒட்டியதையே அனுப்புங்கள்.

3. அரும்பு, மொட்டு, மலர்

அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளை என்றால் இந்தப் பெயர்களும் காதில் விழும். கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்ததால் விட்டுப்போன படிப்பைச் சரிசெய்ய 2022இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் 1 முதல் 3ஆம் வகுப்புகளுக்கு வந்தது, அடுத்த ஆண்டு 4, 5க்கும் விரிந்தது. அரும்பு ஒண்ணாம் வகுப்பு நிலை, மொட்டு இரண்டு, மலர் மூன்று. மூணாவது படிக்கும் பிள்ளை தமிழில் அரும்பில் இருந்தால், எழுத்துகளிலிருந்து தொடங்கி உதவி தேவை என்று பொருள். திட்டுவதற்கான காரணம் அல்ல. எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்தி வைப்பதில்லை என்பதே தமிழ்நாட்டின் நிலைப்பாடு.

4. டீச்சரிடம் சரியாகக் கேளுங்கள்

"ஏனுங்க டீச்சர், பையன் எப்படிப் படிக்கறானுங்க?" என்று கேட்டால் "நல்லாப் படிக்கறானுங்க" என்ற பதில்தான் வரும். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "வாசிக்கறப்ப எந்த எழுத்துல நிக்கறானுங்க?" "கடன் வாங்கிக் கழிக்கறது வருதுங்களா?" "வீட்டுல எதைச் செய்யச் சொல்லலாமுங்க?" பதிலைத் தேதியோடு அட்டையின் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

பனியன் கம்பெனி ஷிப்டில் இருப்பவர்களுக்குப் பகலில் போவது கஷ்டம்தான். முன்கூட்டியே டீச்சரிடம் போனில் நேரம் கேட்டுக்கொள்ளலாம். அட்டையே புரியாத பெற்றோர் நிறையப் பேர் இருந்தால், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தலைமையாசிரியரை ஒருமுறை எல்லோருக்கும் விளக்கச் சொல்லுங்கள். அதைக் கேட்கப் பெற்றோருக்கு முழு உரிமை உண்டு.

5. அடுத்த பருவத்தில்

புது அட்டை வந்ததும் அதே பாடத்தின் இரண்டு எண்களையும் பழையதன் பக்கத்தில் எழுதுங்கள். கிரேடு பி1 என்றே இருந்தாலும், தொகுத்தறியில் 36 என்பது 40 ஆகியிருந்தால் பிள்ளை முன்னேறியிருக்கிறது. அதை அன்றைக்கே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள்.