பழைய டெஸ்க்டாப்ப கேமிங்குக்கு ஏத்துறீங்களா? முதல்ல எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை டப்பா) ஸ்டிக்கர படிங்க

போன சனிக்கிழமை ஒரு ஹெச்டிஎம்ஐ கேபிள் வாங்க சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போயிருந்தேன். பக்கத்துல ஒரு காலேஜ் பையன், கையில பபிள் கவர் சுத்துன செகண்ட் ஹேண்ட் ஆர்எக்ஸ் 580 கிராபிக்ஸ் கார்டு. "அண்ணா, இந்த கார்டுல சொருகுற கேபிள் என் எஸ்எம்பிஎஸ்ல இல்ல, மோலெக்ஸ்ல இருந்து மாத்துற கன்வெர்ட்டர் இருக்கா"ன்னு கடையில கேட்டான். மோலெக்ஸ்னா பழைய ஹார்டு டிஸ்க்குக்கெல்லாம் கரண்ட் குடுக்குற நாலு பின் கனெக்டர். டிராயர திறந்து எடுத்து குடுத்துட்டாங்க, அம்பது ரூபா. எனக்கு மனசு கேக்கல. வெளிய வந்ததும் நிறுத்தி, "என்ன எஸ்எம்பிஎஸ் தம்பி வெச்சிருக்க"ன்னு கேட்டேன். "கேபினெட்டோட வந்ததுணா, 450 வாட்ஸ், போதும்ல?"

2019ல நானும் இதே தெருவுல இதையேதான் பண்ணேன். அதனால இத எழுதுறேன். டிடிஆர்3 ஸ்லாட்ல டிடிஆர்4 ரேம் ஏறாது, கார்டு நீளம் கேபினெட்டுக்குள்ள அடங்குதான்னு அளந்து பாருங்க, இதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதுக்குள்ள போகல.

கேபினெட்டோட வந்த எஸ்எம்பிஎஸ்ல கிராபிக்ஸ் கார்டு மாட்டுறது

என்கிட்ட இருந்தது ஐ5 4570, ஹெச்81 போர்டு, 8 ஜிபி ரேம். 2018 கடைசில கிரிப்டோ மைனிங் படுத்ததும் பழைய கார்டெல்லாம் மார்க்கெட்டுக்கு வந்துச்சு, 8,000 ரூபாய்க்கு ஒரு ஆர்எக்ஸ் 570 பிடிச்சேன். நல்ல எஸ்எம்பிஎஸ் ஒண்ணு அப்போ 3,200 சொன்னாங்க. கார்டுக்கே இருந்த காசு எல்லாம் போயிருச்சு, கேட்ட கடையிலயும் "450 வாட்ஸ் இருக்குல்ல, தாராளமா ஓடும்"னு சொல்லிட்டாங்க, நானும் நம்பி கன்வெர்ட்டர் மாட்டிட்டு வீட்டுக்கு வந்துட்டேன்.

ரெண்டு வாரம் நல்லா ஓடுச்சு. அப்புறம் கேம் நடுவுல ஸ்கிரீன் பட்டுனு கருப்பாகி தானா ரீஸ்டார்ட் ஆகும். நீல ஸ்கிரீன் வராது, எர்ரர் மெசேஜும் வராது. ஈவென்ட் வியூவர்ல பாத்தா கெர்னல் பவர் 41னு மட்டும் நிக்கும். அதுக்கு அர்த்தம் மெஷின் ஒழுங்கா ஷட்டவுன் ஆகாம நின்னுச்சுங்குறது மட்டும்தான், ஏன்னு அது சொல்லாது. நான் டிரைவர்னு நெனச்சேன், விண்டோஸ மூணு தடவ போட்டேன், ரேம் மேல சந்தேகப்பட்டு புதுசா ஒரு 8 ஜிபி ஸ்டிக் வேற வாங்குனேன். ஒரு தடவ கூட அந்த டப்பாவ திருப்பி ஸ்டிக்கர படிக்கல.

மே மாசம், பெரம்பூர்ல மூணாவது மாடி, மொட்டை மாடிக்கு நேர் கீழ ரூம், ராத்திரியிலயும் அனல். கேம் லோட் ஆகிட்டு இருக்கும்போது பட்டாசு மாதிரி ஒரு சத்தம், கருகுன வாடை, வீட்டு எம்சிபி டிரிப். மறுநாள் வேற எஸ்எம்பிஎஸ் இரவல் வாங்கி போட்டுப் பாத்தா போர்டு எழும்பவே இல்ல, ஹார்டு டிஸ்க் சுத்தவே இல்ல. கன்வெர்ட்டரோட மோலெக்ஸ் முனை பழுப்பாகி உருகி ஒட்டிக்கிச்சு, கத்தி வெச்சு நெம்பித்தான் எடுத்தேன். கார்டு மட்டும் பிழைச்சது. அந்த ஹார்டு டிஸ்க்லதான் எங்க அக்கா வளைகாப்பு போட்டோ மொத்தமும் இருந்துச்சு, வேற எங்கயும் காப்பி இல்ல. டேட்டா ரெக்கவரிக்கு 18,000 கேட்டாங்க, அப்போ என்கிட்ட இல்ல. அக்கா ஒரு வார்த்தை திட்டல, அதான் இன்னும் கஷ்டமா இருக்கு.

அப்புறம்தான் ஸ்டிக்கர படிச்சேன். முன்னாடி பெருசா 450. கீழ பொடி எழுத்துல ஒரு டேபிள் இருக்கும்: 3.3 வோல்ட், 5 வோல்ட், 12 வோல்ட், ஒவ்வொண்ணுக்கும் எத்தன ஆம்ப். என்னோடதுல 12 வோல்ட்டுக்கு நேரா 14 ஆம்ப். 12ஐ 14ஆல பெருக்குனா 168 வாட். இப்போ இருக்குற பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் முக்காவாசி கரண்ட் இழுக்குறது இந்த 12 வோல்ட்ல இருந்துதான். ஆர்எக்ஸ் 570 150 வாட், ஐ5 4570 84 வாட், ரெண்டும் முழுசா ஓடுனா 234, ஃபேன், டிஸ்க் எல்லாம் அதுக்கு மேல. எல்லா நேரமும் ரெண்டும் முழு வேகத்துல ஓடாது, அதனாலதான் கொஞ்ச நாள் தாங்குச்சு.

பழைய மெஷின்ல 3.3, 5 வோல்ட் தேவை அதிகம், அந்தக் கால டிசைன்லயே இன்னமும் செஞ்சு எல்லா ரெயிலையும் (ஒவ்வொரு வோல்ட் லைனையும்) கூட்டி 450னு அடிச்சுடுறாங்க. வாங்குற பையனுக்கு அந்த ஒரு நம்பர்தான் கண்ணுல படும். இத நெனச்சாலே எனக்கு இன்னிக்கும் எரிச்சல் வருது. ஒரு கார்டு விக்கிறவங்க "12 வோல்ட்ல எத்தன ஆம்ப்"னு ஒரே ஒரு கேள்வி கேட்டா போதும், அரை நிமிஷ வேலை.

அப்போ என்ன பண்ணணும்? ஒரு நல்ல 450 வாட் எஸ்எம்பிஎஸ்ல 12 வோல்ட் மட்டுமே 400 வாட்டுக்கு மேல குடுக்கும், அதாவது 34 ஆம்ப் பக்கம். 80 பிளஸ் சர்டிஃபிகேட் இருக்கணும், ஓவர் கரண்ட், ஓவர் வோல்டேஜ், ஷார்ட் சர்க்யூட் புரொடெக்ஷன் இருக்கணும். புரொடெக்ஷன் இருக்குற எஸ்எம்பிஎஸ் லோடு மிஞ்சுனா தானா ஆஃப் ஆகிடும். இல்லாதது தானும் எரிஞ்சு போர்டையும் சேத்து கூட்டிட்டுப் போயிடும். கார்டுக்கு வேண்டிய 6 பின், 8 பின் கேபிள் எஸ்எம்பிஎஸ்ல இருந்தே வரணும். கன்வெர்ட்டர் தேவைப்படுதுன்னாலே அந்த டப்பா அந்த கார்டுக்காக செஞ்சது இல்லைன்னு எடுத்துக்கங்க. 8 பின்ல 150 வாட் வரைக்கும் இழுக்கும், அத மோலெக்ஸ்ல இழுத்தா என் கேபிள் உருகுன மாதிரி உருகும்.

இப்போ இருக்குறது தாங்குதான்னு பாக்க, கேம் ஓடும்போது மல்டிமீட்டர மோலெக்ஸ்ல மஞ்சள் ஒயர், கருப்பு ஒயர்ல வெச்சுப் பாருங்க. 11.4க்கு கீழ எறங்குனா கேமை நிறுத்திருங்க. எஸ்எம்பிஎஸ் டப்பாவ மட்டும் திறக்காதீங்க, பிளக் எடுத்த அப்புறமும் உள்ள கெப்பாசிட்டர்ல சார்ஜ் நிக்கும், அது விளையாட்டு இல்ல.

எஸ்எம்பிஎஸ் மாத்தவே காசு இல்லைன்னா ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, இல்ல தனி பவர் கேபிள் கேக்காத ஜிடிஎக்ஸ் 1650 பாருங்க. 75 வாட்டுக்குள்ள ஸ்லாட்ல இருந்தே எடுத்துக்கும். அப்பவும் ஸ்டிக்கர் கணக்கு போட்டுட்டுத்தான்.

ஆபீஸ்ல இருந்து கழிச்சு விட்ட கம்ப்யூட்டர்

ஐ5 ஆறாயிரம் ஏழாயிரம் ரூபாய்க்கு கிடைக்குதுன்னு டெல், ஹெச்பி ஆபீஸ் மெஷின வாங்குறாங்க. நல்ல மெஷின்தான், நான் குறை சொல்லல. ஆனா ஆப்டிபிளெக்ஸ் 9020 மாதிரி மாடல்ல போர்டுக்கு போற பவர் கனெக்டர் 8 பின், நாம கடையில வாங்குற எஸ்எம்பிஎஸ் 24 பின். அடாப்டர் தேடணும். ஒல்லி கேபினெட்னா லோ புரொஃபைல் (குட்டையான) கார்டு மட்டும்தான் நிக்கும், அதுக்கு தனி விலை. டவர் மாடலா பாத்து எடுங்க.

இன்னொண்ணு, இன்டெல் ரெண்டாவது, மூணாவது ஜெனரேஷன் வேண்டாம். அதுல ஏவிஎக்ஸ்2ங்குற பிராசசர் இன்ஸ்ட்ரக்ஷன் செட் கிடையாது, சில புது கேம் ஓப்பனே ஆகாது. நாலாவதுல இருந்து இருக்கு.

எக்ஸ்4 கார்ட பழைய போர்டுல போடுறது

ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி 2022ல வந்தது, பழைய ஆர்எக்ஸ் 570ஐ விட புதுசு, கரண்டும் கம்மி, அதனால நிறைய பேர் கண்ண மூடிட்டு எடுக்குறாங்க. அதுக்கு பிசிஐ எக்ஸ்பிரஸ்ல, அதாவது கார்டும் போர்டும் டேட்டா மாத்திக்கிற பாதையில, நாலு லேன்தான் (அதான் எக்ஸ்4). பிசிஐ எக்ஸ்பிரஸ் ஜெனரேஷன் 4 போர்டுல சமாளிக்கும், நம்ம பழைய ஜெனரேஷன் 3 போர்டுல பாதை பாதியாகிடும். மெமரியும் 4 ஜிபிதான், அது நிறைஞ்சதும் கேம் திக்கித் திக்கி நிக்கும். ஆர்எக்ஸ் 6400க்கும் இதே கதை. இன்டெல் ஆர்க் கார்டும் பழைய போர்டுக்கு ஒத்து வராது, ரீசைஸபிள் பார் (கார்டு மெமரி மொத்தத்தையும் பிராசசர் ஒரே தடவையில தொட விடுற வசதி) இல்லைன்னா வேகம் கணிசமா விழும்.

ஆர்எக்ஸ் 580ன்னு எழுதியிருந்தா 580ன்னு நம்புறது

2048எஸ்பின்னு பேர்ல ஒட்டிக்கிட்டு வர்றது கிட்டத்தட்ட ஆர்எக்ஸ் 570தான். அந்த 2048 ஸ்ட்ரீம் பிராசசர் எண்ணிக்கை, உண்மையான 580ல 2304 இருக்கும். காசு குடுக்குறதுக்கு முன்னாடி கார்டு விவரம் காட்டுற ஜிபியு-இசட் சாஃப்ட்வேர் போட்டுக் காட்டச் சொல்லுங்க, காட்ட மாட்டேன்னா நடைய கட்டுங்க.

ஒத்த ரேம்

ரெண்டு ஸ்டிக்கா போடுங்க.

வேலொரண்டுக்காக விண்டோஸ் 11

விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சது, அதனால பழைய மெஷின்ல குறுக்கு வழியில 11 ஏத்துறாங்க. ஏறிடும். ஆனா 11ல வேலொரண்ட் கேம் டிபிஎம் 2.0வும் செக்யூர் பூட்டும் (ரெண்டும் போர்டுல இருக்குற பாதுகாப்பு வசதி) கேக்கும், பழைய போர்டுல டிபிஎம் இல்லைன்னா கேம் ஆரம்பிக்காது. இந்த கேம்தான் முக்கியம்னா வாங்குறதுக்கு முன்னாடியே பயாஸ்ல பாத்துக்கங்க.

எர்த் இல்லாத பிளக்

கேபினெட்ட தொட்டா சுர்ருனு இழுக்குதா? எலக்ட்ரீஷியன கூப்பிடுங்க, கேமிங் அப்புறம்.

பேக்கப்

இன்னிக்கே எடுங்க.

அந்தப் பையன் நேத்து ராத்திரி அவன் எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கர போட்டோ எடுத்து அனுப்பியிருந்தான். 12 வோல்ட்ல 16 ஆம்ப், 192 வாட். அவன் கார்டு மட்டுமே 185. "சம்பளம் வந்ததும் புதுசு வாங்கிடுறேன்ணா, பார்ட் டைம் வேலை, பத்தாம் தேதி போடுவாங்க"ன்னான். அது வரைக்கும் கார்டு பபிள் கவர்லயே இருக்கட்டும்னு சொல்லியிருக்கேன்.