நெகட்டிவ் குரூப் தாய்மார்: ஏழாம் மாதத்தில் விட்டுப்போகும் ஊசி

தாய் ஓ நெகட்டிவ், தகப்பன் பி பாசிட்டிவ் என்றால் பிள்ளை பாசிட்டிவாக இருக்கலாம். பிரசவத்தில் பிள்ளையின் ரத்தம் கொஞ்சம் தாயிடம் கலந்தாலே அவள் உடம்பு அதற்கு எதிர்ப்பொருள் உண்டாக்கிவிடக்கூடும். தலைப்பிள்ளை பெரும்பாலும் தப்பிவிடும். அடுத்த பிள்ளைக்குத்தான் ரத்தசோகை, கடும் மஞ்சள்காமாலை. வயிற்றிலேயே நீர்கோத்து இறக்கவும் கூடும். எதிர்ப்பொருள் உண்டாகாமல் தடுப்பதுதான் ஆன்டி-டி ஊசி; உண்டான பிறகு போட்டுப் பலனில்லை.

28-வது வாரத்தில் 300 மைக்ரோகிராம் போட வேண்டும். ஏழாம் மாதம் என்று தாய்வீட்டுக்கு அழைத்து வருவதும் அப்போதுதான். குலசேகரத்து டாக்டர், போகிற இடத்தில் போடுவார்கள் என்று விடுவார். நாகர்கோவிலில் பார்ப்பவர், ஏற்கெனவே போட்டிருப்பார்கள் என்று விடுவார். கடைசி மாதவிலக்கின் முதல் நாளோடு 196 நாள் கூட்டி, அந்தத் தேதியை அட்டையில் இப்போதே எழுதி வையுங்கள். களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரத்தில் பேறு பார்ப்பவர்கள், ஊசி போட்ட தேதி, அளவு, ஐசிடி (தாயின் ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை) முடிவு மூன்றும் உள்ள சீட்டைக் கையோடு கொண்டுபோக வேண்டும். ஐசிடிக்கு ரத்தம் எடுத்த பிறகே ஊசி. பிந்தி எடுத்தால் ஊசி மருந்தே லேசான பாசிட்டிவ் காட்டிக் குழப்பும்.

"ஏழாம் மாதமே போட்டாச்சே" என்று பிரசவத்துக்குப் பின் விடுவது அடுத்த தவறு. அந்த மருந்தின் காவல் ஏறக்குறைய 12 வாரம்தான். தொப்புள்கொடி ரத்தத்தில் பிள்ளையின் குரூப் பார்த்து, பாசிட்டிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் தாய்க்குப் போட வேண்டும், பிள்ளைக்கு அல்ல. வெள்ளி இரவு 11 மணிக்குப் பிறந்தால் திங்கள் இரவு 11 மணியோடு கெடு முடிகிறது, நடுவில் ஞாயிறு. ரிசல்ட் தாமதமானால் காத்திராமல் போட்டுவிடுவதே நல்லது. கெடு தாண்டினாலும் 10 நாளுக்குள் போட்டால் ஓரளவு காக்கும்.

கரு கலைந்தாலும், கருக்குழாயில் தங்கினாலும், ஸ்கூட்டரிலிருந்து விழுந்து வயிற்றில் அடிபட்டாலும் இதே 72 மணிக் கணக்குதான். மெடிக்கலில் மாத்திரை வாங்கி வீட்டிலேயே கலைப்பது அதனாலும் ஆபத்து: குரூப்பே யாரும் கேட்பதில்லை.

வெளிநாட்டில் இருக்கும் கணவர் போனில் "நானும் நெகட்டிவ்தான்" என்றால் நம்பி விட்டுவிடாதீர்கள். லேப் ரிப்போர்ட்டை அனுப்பச் சொல்லுங்கள். ஊசி மருந்தை மெடிக்கலில் வாங்கினால் ஐஸ் பேக்கோடு கொண்டுவாருங்கள், 2 முதல் 8 டிகிரிக்குள். ஃப்ரீசரில் வைத்து உறைந்துவிட்டால் அது உதவாது.