கண்ணுக்கு வரும் துப்பாக்கி: ஃபெசன்ட் வேட்டைக்குப் புதிதாக வரும் பெண்களுக்கு

அமெரிக்காவின் சவுத் டகோட்டா மாநிலத்தில் அக்டோபரின் மூன்றாவது சனிக்கிழமை ஃபெசன்ட் (கோழி இனத்தைச் சேர்ந்த நீள்வால் பறவை) வேட்டைப் பருவம் தொடங்குகிறது. 1919-இல் ஸ்பிங்க் கவுண்டியில் ஆரம்பித்த வழக்கம் இது. அறுவடை முடிந்த சோளக் கொல்லையில் நடக்கும்போது காலடியிலிருந்தே பறவை படபடவென்று கிளம்பும். சேவலை மட்டுமே சுடலாம். கழுத்தில் வெள்ளை வளையம் தெரிகிறதா, வால் நீளமா என்று கண் தேடிக்கொண்டிருக்கும் ஓரிரு நொடிக்குள் துப்பாக்கி தானாக எழுந்து கன்னத்தில் ஒட்டிவிட வேண்டும். அதைக் குனிந்து பார்க்க நேரமில்லை. ஆகவே உங்கள் உடலுக்குப் பொருந்தும் துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று பார்ப்போம்.

(ஊரில் இருந்து படிப்பவர்கள் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இந்தியாவில் வேட்டைக்கு இடம் தருவதில்லை. இங்கேயும் வேட்டைப் பயிற்சி வகுப்பும் உரிமமும் முடித்த பிறகுதான் கடைக்குப் போக வேண்டும்.)

நான் முதலில் போன கடையில், "பெண்களுக்கு இதுதான்" என்று சிறுவர்களுக்கான துப்பாக்கியை எடுத்துக் கொடுத்தார்கள். கட்டை (தோளிலும் கன்னத்திலும் பதியும் பின்பகுதி) குட்டையாக இருந்ததால், முதல் வெடியிலேயே என் கட்டைவிரல் கணு மூக்கில் வந்து இடித்தது. இரண்டு நாள் மூக்கு சிவந்திருந்தது. பெண்ணின் உடல் சிறுவனின் உடல் இல்லை என்பது அந்தக் கடைக்காரருக்குத் தோன்றவே இல்லை.

கீழே உள்ள சோதனைகளைத் தொடங்கும் முன், ஒவ்வொரு முறையும் குழலைத் திறந்து உள்ளே தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். காலியான துப்பாக்கியானாலும் அதன் முன்னால் யாரும் நிற்கக் கூடாது.

படி 1: எந்தக் கண் ஆளுகிறது?

இரு கைகளையும் நீட்டி, விரல்களுக்கிடையில் சின்ன முக்கோணம் அமைத்து, அதன் வழியே சுவரில் உள்ள ஒரு பொருளைப் பாருங்கள். ஒரு கண்ணை மூடுங்கள், பிறகு மற்றதை. எந்தக் கண் திறந்திருக்கையில் பொருள் இடம் மாறாமல் நிற்கிறதோ, அதுவே உங்கள் கண். வலக்கைக்காரருக்கு இடக்கண் ஆண்டால், இடத்தோளில் சுடப் பழகலாம். அல்லது கண்ணாடியின் இட வில்லையில் சிறு துண்டு டேப் ஒட்டலாம். புதிதாகக் கற்பவர்கள் தோளை மாற்றிக்கொள்வதே நல்லது என்பேன். பழைய பழக்கம் எதுவும் குறுக்கே நிற்காது.

படி 2: கன்னம்

இதை முடிக்காமல் பணத்தை எடுக்காதீர்கள். ரைபிளில் கண்ணருகே இருக்கும் குறிபார்க்கும் பின்குறி, பல சிறு குண்டுகளை (ரவை) ஒன்றாகச் சிதறவிடும் ஷாட்கன்னில் கிடையாது. உங்கள் கண்தான் பின்குறி. கண் எங்கே நிற்கும் என்பதைக் கட்டையின் மேல்விளிம்பில் கன்னம் பதியும் உயரம் தீர்மானிக்கிறது. நீளமான கழுத்தும் உயர்ந்த கன்ன எலும்பும் உள்ள பெண்களுக்கு, கடையில் கிடைக்கும் வழக்கமான கட்டை தாழ்வாகவே அமையும்.

தூரத்தில் ஒரு புள்ளியைப் பாருங்கள். கண்களை மூடி, துப்பாக்கியை இயல்பாகத் தோளுக்குக் கொண்டுவந்து கன்னத்தைப் பதியுங்கள். இப்போது கண்ணைத் திறங்கள். குழலின் மேலே ஓடும் பட்டை மெல்லிய கோடாகத் தெரிந்து, முனையில் உள்ள சிறு உருண்டை மணி அதன்மேல் உட்கார்ந்திருந்தால் சரி. துப்பாக்கியின் பின்பாகம் மட்டும் கண்ணை மறைத்தால் கட்டை தாழ்வு. பட்டை சாலை போல அகலமாக விரிந்தால் உயரம் அதிகம். தாழ்வான கட்டையை வைத்துக்கொண்டு தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தால், கன்னத்துக்கும் கட்டைக்கும் இடைவெளி விழும். வெடித்ததும் கட்டை அந்த இடைவெளியைக் கடந்து கன்னத்தில் அறையும். கன்னம் கன்றிப்போனால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

படி 3: நீளம்

விசையிலிருந்து கட்டையின் பின்முனை வரை உள்ள தூரம் இது. ஆண்களுக்கான துப்பாக்கிகளில் 14 முதல் 14½ அங்குலம் இருக்கும். பல பெண்களுக்கு 13 முதல் 13¾ பொருந்தும். முழங்கை மடிப்பில் கட்டையை வைத்து விரல் விசையைத் தொடுகிறதா என்று பார்க்கும் பழைய முறையை நம்ப வேண்டாம். தோளில் வைத்தபின் கட்டைவிரலுக்கும் மூக்குக்கும் இடையே இரண்டு விரல் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். கடைக்குக் குளிர்கோட்டைப் போட்டுக்கொண்டே போங்கள். நவம்பர் கோட்டின் தடிமனும் நீளத்தில் சேர்ந்துகொள்ளும்.

படி 4: அடிமுனை

ஆண்களுக்கு என்று செய்த கட்டையின் கீழ்முனை பல பெண்களுக்கு மார்பில் குத்தும். வலிக்குப் பயந்து கட்டையைப் புயத்தின் பக்கம் நகர்த்திவிடுவோம். அங்கேதான் நீலம் பாரிக்கும். கீழ்முனை மார்பை விட்டு விலகிச் சரிந்து, சற்று புயத்தின் பக்கம் திரும்பியிருந்தால் தொல்லை தீரும். சைரென் என்ற பிராண்டு போன்ற, பெண்களுக்கான துப்பாக்கிகளில் இதைக் கவனித்தே செய்கிறார்கள். கையில் உள்ளதையும் ஒரு நல்ல துப்பாக்கித் தச்சர் திருத்தித் தருவார்.

படி 5: கேஜ்

ஒரு பவுண்டு ஈயத்தைச் சமமான 20 உருண்டைகளாக்கினால், ஓர் உருண்டையின் விட்டம்தான் 20 கேஜ் குழலின் விட்டம். ஆகவே எண் கூடக் குழல் குறுகும். ஃபெசன்டுக்கு 20 கேஜ் போதும். 410 (இந்த எண் கேஜ் அல்ல, 0.410 அங்குலம் என்ற குழல் விட்டம்) சின்னதாயிற்றே என்று ஆசைப்படாதீர்கள். ரவை குறைவு, அது கைதேர்ந்தவர்களுக்கானது. மிக இலேசான துப்பாக்கி கடையில் இனிக்கும், வெடிக்கும்போது உதைக்கும். ஆறரைப் பவுண்டு அளவில், வெடிவாயுவால் இயங்கி அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றும் செமி ஆட்டோமேட்டிக் கிடைத்தால் உதை மென்மையாக இருக்கும்.

வீட்டில் 12 கேஜும் இருந்தால் ஓர் எச்சரிக்கை: தவறி 12 கேஜ் துப்பாக்கியில் போட்ட 20 கேஜ் தோட்டா குழலுக்குள் வழுக்கிப் போய்ச் சிக்கிக்கொள்ளும். பின்னால் 12 தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். 20 கேஜ் தோட்டா மஞ்சள் நிறத்தில் வருவது அதற்காகத்தான். இரண்டையும் ஒரே சட்டைப்பையில் போடாதீர்கள்.

படி 6: தாளில் சுடுங்கள்

சுடுதளத்தில் 16 கெஜ தூரத்தில் பெரிய தாளைக் கட்டி, நடுவில் ஒரு புள்ளி வையுங்கள். குறி பார்க்காமல், புள்ளியைப் பார்த்தபடி துப்பாக்கியைத் தூக்கிச் சுடுங்கள். ஐந்தாறு தடவை. கண்ணிலிருந்து குழல் முனை ஏறக்குறைய ஒரு கெஜம், தாள் 16 கெஜம். ஆகவே ரவைக் கூட்டம் ஓர் அங்குலம் தாழ்ந்திருந்தால், கட்டையின் மேல்விளிம்பைப் பதினாறில் ஒரு அங்குலம் உயர்த்த வேண்டும். முதலில் அட்டைத் துண்டை வைத்து டேப் சுற்றிப் பாருங்கள். என் துப்பாக்கி நான்கு அங்குலம் கீழே சுட்டது. கால் அங்குல அட்டையில் சரியாயிற்று. கூட்டம் நடுப்புள்ளிக்குச் சற்று மேலே விழுந்தால் விட்டுவிடுங்கள், ஃபெசன்ட் மேல்நோக்கித்தானே பறக்கிறது.