சின்ன மின்சாரக் கார் வாங்கியவர்களுக்கு: முதலில் எர்த்திங், அப்புறம் மற்றதெல்லாம்

வண்டி வீட்டுக்கு வந்த முதல் நாள் ராத்திரி, போர்ட்டிகோ பிளக்கில் சார்ஜரைச் சொருகினேன். பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது, சார்ஜ் ஏறவில்லை. காரணத்தைக் கண்டுபிடிக்க நான்கு நாள் ஆனது. புதிதாக மின்சாரக் கார் வாங்கும் யாரும் அந்த நான்கு நாளை வீணாக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். அதைவிட முக்கியம், அப்போது எனக்குச் சொல்லப்பட்ட ஒரு குறுக்குவழியில் யாரும் போய்விடக் கூடாது.

எங்களுடையது டாடாவின் டியாகோ இ.வி., அதில் பெரிய பேட்டரி உள்ளது: 24 கிலோவாட் அவர். கரண்ட் பில்லில் வருகிற யூனிட்டும் இதுவும் ஒன்றுதான், ஆகவே 24 யூனிட் என்று நினைத்துக்கொள்ளுங்கள். 17.3 யூனிட் பேட்டரி உள்ள காமெட் மாதிரி மற்ற சின்ன வண்டிகளுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். கார் ஓட்டத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

படி 1: வண்டி வருவதற்கு முன்பே பிளக் பாயின்ட்

வண்டியோடு வரும் சார்ஜர் 15 ஆம்ப் மூன்று முள் பிளக்கில் ஓடும். 3.3 கிலோவாட் வரை இழுக்கும். கீசரும் கிட்டத்தட்ட இந்த அளவு இழுக்கிறதே, அந்த லைனிலேயே போட்டுக்கொள்ளலாமே என்று தோன்றும். கீசர் கால் மணி நேரத்தில் நின்றுவிடும். கார் எட்டு, ஒன்பது மணி நேரம் விடாமல் இழுக்கும். ஒயரும் சாக்கெட்டும் ராத்திரி முழுக்கச் சூட்டிலேயே இருக்கும்.

அதனால் மெயின் போர்டிலிருந்து தனி லைன் இழுங்கள். 4 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) காப்பர் ஒயர், 20 ஆம்ப் எம்.சி.பி. (லோடு மீறினால் தானே அணையும் சுவிட்ச்), 30 மில்லிஆம்ப் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானே அணையும் சுவிட்ச்). இந்த ஆர்.சி.சி.பி. 'டைப் ஏ'வாக இருக்க வேண்டும் என்று சொல்லி வாங்குங்கள். கடையில் முதலில் எடுத்து நீட்டுவது 'டைப் ஏசி'யாக இருக்கலாம். கார் சார்ஜரில் ஏற்படும் கசிவு எல்லா நேரமும் சுத்தமான ஏ.சி. கரண்டாக (மாறுதிசை மின்சாரமாக) இருக்காது, அதை டைப் ஏசி கவனிக்காமல் விட்டுவிடலாம்.

சாக்கெட்டில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. சின்ன முள், பெரிய முள் இரண்டையும் ஏற்கும் 6/16 சாக்கெட்டை இதற்குப் போடாதீர்கள். 16 ஆம்புக்கு மட்டுமான சாக்கெட்தான் (நாம் 15 ஆம்ப் என்று சொல்லும் பெரிய முள்ளுக்கானது) முள்ளை இறுக்கிப் பிடிக்கும். பிடி தளர்ந்தால் அங்கேதான் சூடு ஏறும், பிளாஸ்டிக் உருகும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. முதல் முறை சார்ஜ் போட்டு ஒரு மணி நேரம் ஆனதும் சுவிட்சை அணைத்துவிட்டு பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு சரி. கையை வைத்திருக்க முடியவில்லை என்றால் அந்த சாக்கெட்டை மாற்றுங்கள்.

வீட்டு இணைப்புக்கு எத்தனை கிலோவாட் வாங்கியிருக்கிறீர்கள் என்பதையும் பார்த்துவிடுங்கள். ஏ.சி., மோட்டார், கார் மூன்றும் சேர்ந்தால் அதைத் தாண்டிவிடலாம்.

படி 2: எர்த்திங்

கரண்ட் கசிந்தால் அதை மண்ணுக்குள் இறக்கிவிடும் இணைப்புதான் எர்த்திங். நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். சார்ஜர்தான் பழுது என்று நினைத்து சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போனேன். அங்கே சொருகியதும் பச்சை விளக்கு. வீட்டுக்கு வந்தால் மறுபடியும் சிவப்பு. எலெக்ட்ரீஷியன் அண்ணன் வந்து சாக்கெட்டைக் கழற்றிப் பார்த்தார். பச்சை ஒயர் இருந்தது. "எர்த் வந்திருக்கு சார், இந்த சார்ஜர்தான் ரொம்பப் பாக்குது" என்றார். பிறகு, "நியூட்ரல்லேர்ந்து எர்த் முள்ளுக்கு ஒரு லூப் அடிச்சுடறேன். உடனே ஓடும்" என்றார்.

அதாவது, சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த் முள்ளையும் ஒரு துண்டு ஒயரால் சேர்த்துவிடுவது. அவர் சொன்னது உண்மைதான், ஓடும். எர்த் சரியாக இருப்பதாக சார்ஜர் ஏமாந்துவிடும். ஆனால் அந்த எர்த் முள் காரின் உடம்போடு சேர்ந்திருக்கிறது. காற்று மழையில் எங்காவது நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் ஒயர்) அறுந்தாலோ, கம்பத்தில் வேலை செய்யும்போது லைனும் (கரண்ட் வரும் ஒயர்) நியூட்ரலும் மாறிப்போனாலோ, கார் கதவில் 230 வோல்ட் வந்து நிற்கும். ஈரத் தரையில் வெறுங்காலோடு ஒரு குழந்தை கதவைத் தொட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். "வேண்டாம்ணே, எர்த்தையே பாத்துடலாம்" என்றேன்.

மறுநாள் மல்டிமீட்டரோடு இன்னொருவர் வந்தார். சாக்கெட்டில் மூன்று அளவு எடுக்க வேண்டும். லைனுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 229 காட்டியது, அது சரி. லைனுக்கும் எர்த்துக்கும் கிட்டத்தட்ட அதே அளவு வர வேண்டும், எங்களுக்கு வந்தது 148. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே 3 வோல்ட்டுக்குள் இருந்தால்தான் எனக்கு நிம்மதி. அங்கே 81 காட்டியது. அப்புறம் லைனுக்கும் எர்த்துக்கும் நடுவே ஒரு 100 வாட் குண்டு பல்பை வைத்தார். துளிகூட எரியவில்லை. பச்சை ஒயர் இருந்தது, ஆனால் அது மண்ணுக்குப் போகவே இல்லை. (ஆர்.சி.சி.பி. இருக்கும் லைனில் இந்த பல்பை வைத்தால், எர்த் நன்றாக இருந்தால் டிரிப் ஆகிவிடும். எந்த அளவையும் நீங்களே எடுக்க வேண்டாம், தெரிந்தவர் எடுக்கும்போது பக்கத்தில் நின்று மூன்று எண்களையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.)

ஒயரைத் தொடர்ந்து போனதில் பின்பக்கம் சம்புக்குப் பக்கத்தில் மண்ணுக்குள் இறங்கியது. ஒரு முழம் தோண்டியதும் நுனி கையோடு வந்துவிட்டது. பென்சில் கனமுள்ள கம்பி துருப்பிடித்துக் கூராகத் தேய்ந்திருந்தது, அதற்குக் கீழே எதுவும் இல்லை. எட்டு வருஷத்துக்கு முன் சம்பு கட்டியபோது மண்வெட்டியோ கடப்பாரையோ பட்டு அறுந்திருக்க வேண்டும். அத்தனை வருஷமும் வாஷிங் மெஷினும் கிரைண்டரும் எர்த் இல்லாமலேதான் ஓடியிருக்கின்றன. கார் சார்ஜர் மறுத்திருக்காவிட்டால் எங்களுக்குத் தெரிந்தே இருக்காது.

புதிதாக எட்டடி ஆழத்துக்குக் குழி போட்டோம். கரியும் உப்பும் போடும் பழைய முறையும் வேலை செய்யும், ஆனால் உப்பு கம்பியை அரிக்கும். காப்பர் பூசிய ராடு வைத்து, கெமிக்கல் எர்த்திங் பவுடர் கொட்டும் முறையே என் சிபாரிசு. முடிந்ததும் அதே மூன்று அளவுகளை எடுத்தோம்: 232, 231, 1.2. சொருகியதும் பச்சை எரிந்தது.

படி 3: தினசரி சார்ஜ்

இதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. முதலில் வண்டியை அணைத்து ஹேண்ட் பிரேக்கை இழுங்கள். சுவரில் சொருகி, அப்புறம் ஒயரின் மறுமுனையில் இருக்கும் கன்னை (கைப்பிடி வைத்த பிளக்) காரில் சொருகுங்கள். எடுக்கும்போது முதலில் காரிலிருந்து எடுங்கள். கன் வரவில்லை என்று பிடித்து இழுக்காதீர்கள், சாவியில் அன்லாக் பட்டனை அழுத்தினால் விட்டுவிடும். சார்ஜர் பெட்டியைத் தரையில் போடாமல் நெஞ்சு உயரத்தில் ஒரு கொக்கியில் மாட்டுங்கள்.

எங்கள் வண்டியில் இருப்பது எல்.எஃப்.பி. (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) வகை பேட்டரி. இந்த வகையில் பாதி சார்ஜ் இருந்தாலும் முக்கால் இருந்தாலும் வோல்டேஜ் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும், அதனால் போகப்போக சதவீதக் கணக்கு தவறும். வாரம் ஒரு முறையாவது மெதுவான சார்ஜரில் 100 வரை ஏற்றினால் கணக்கு சரியாகும். மற்ற வகை பேட்டரிக்கு இது பொருந்தாது, கையேட்டைப் பாருங்கள்.

படி 4: ஓட்டுவது

டியாகோவில் கியருக்குப் பதில் ஒரு திருகு இருக்கிறது: ஆர், என், டி, எஸ். 'பி' (பார்க்கிங்) கிடையாது. பெட்ரோல் வண்டியைச் சரிவில் நிறுத்தும்போது முதல் கியரில் போட்டுவிட்டு இறங்குவோமே, அந்தப் பழக்கம் இங்கே உதவாது. வண்டியை நிறுத்தி வைப்பது ஹேண்ட் பிரேக் மட்டும்தான். முழுக்க இழுங்கள், பிரேக்கிலிருந்து காலை மெல்ல எடுத்து வண்டி நகரவில்லை என்று பார்த்துவிட்டு அப்புறம் இறங்குங்கள்.

அடுத்தது, வண்டி உயிரோடு இருக்கிறதா என்று காதால் தெரியாது. மீட்டரில் 'ரெடி' எரிந்தால் ஆக்சிலரேட்டரைத் தொட்டதும் பாயும். "ரெண்டு நிமிஷம்தானே" என்று குழந்தைகளை உள்ளே விட்டுவிட்டு ரெடியில் இருக்கும் வண்டியிலிருந்து இறங்கவே இறங்காதீர்கள். இன்னும் வேகமாகப் பாயும் எஸ் (ஸ்போர்ட்) மோடை முதல் ஒரு மாதம் மறந்துவிடுங்கள்.

சத்தமில்லாதது தெருவில் இருப்பவர்களுக்கும் ஆபத்து. மார்கழியில் ஒருநாள் காலை ஐந்தரைக்குக் கிளம்பினேன். எங்கள் தெருவில் பாதி வாசல்களில் பெண்கள் முதுகைத் தெருவுக்குக் காட்டிக் குனிந்து கோலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். வழக்கமாக வண்டிச் சத்தம் கேட்டதும் ஒரு அடி உள்ளே தள்ளிக்கொள்வார்கள். அன்று யாரும் தள்ளவில்லை. நான் ஒரு ஆள் தூரத்தில் வந்து நின்றபோதுதான் எதிர்வீட்டு அக்கா திரும்பிப் பார்த்தார், கையிலிருந்த கோலமாவு கிண்ணத்தோடு விழுந்தது. இப்போது தெருவுக்குள் பத்து கிலோமீட்டர் வேகம்தான், கண்ணாடியை இறக்கிவிட்டு, "அக்கா, வண்டி வருது" என்று குரல் கொடுத்துக்கொண்டே போகிறேன். முதுகுக்குப் பின்னால் திடீரென ஹாரன் அடித்தால் பயந்து எந்தப் பக்கம் நகர்வார்கள் என்று சொல்ல முடியாது.

ரீஜென் பற்றி ஒன்று. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் மோட்டாரே வண்டியை இழுத்துப் பிடித்து பேட்டரிக்குக் கொஞ்சம் கரண்ட் திருப்பித் தரும். அளவை மாற்றிக்கொள்ளலாம். மூன்றில் வைத்தால் பின்சீட்டில் இருப்பவர்களுக்குக் குமட்டும், ஒன்றில் தொடங்குங்கள். ஆனால் பேட்டரி 100 சதவீதம் நிரம்பியிருக்கும்போது அந்தக் கரண்டை வாங்க இடமில்லை, ரீஜென் குறைந்துவிடும். முந்தைய நாள் மாலையில் ஆக்சிலரேட்டரிலிருந்து கால் எடுத்ததும் வேகம் குறைந்த வண்டி, மறுநாள் காலையில் வழுக்கிக்கொண்டு போவது இதனால்தான். கால் எப்போதும் பிரேக்குக்குப் பக்கத்தில் இருக்கட்டும். ஏற்காடு, கொடைக்கானல் போனால் மேலே தங்குமிடத்தில் முழுதாக நிரப்பாதீர்கள். 80-இல் நிறுத்தினால் இறங்கும்போது ரீஜென் கைகொடுக்கும், பிரேக் சூடாகாது.

படி 5: மழைக்காலம்

2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் வரிசையாகக் கார்களைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். மின்சாரக் கார் வைத்திருப்பவர்களும் அதையே செய்யுங்கள். பேட்டரி ஐ.பி.67 என்று போட்டிருக்கும். ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் என்பதுதான் அதற்கு அர்த்தம். வெள்ளம் ராத்திரி முழுக்க நிற்கும்.

வண்டிக்குள் தரைவரை தண்ணீர் வந்திருந்தால் ஆன் செய்யாதீர்கள், சார்ஜும் போடாதீர்கள். சர்வீஸில் சொல்லி, நான்கு சக்கரமும் மேலே ஏறும் வண்டியில் எடுத்துப் போகச் சொல்லுங்கள். முன்சக்கரம் ரோட்டில் உருள இழுத்தால் மோட்டாரும் சேர்ந்து சுற்றும். அடியிலிருந்து புகையோ சீறும் சத்தமோ வந்தால் பொருட்களை எடுக்க நிற்காமல் எல்லோரும் இறங்கித் தள்ளிப் போய் 101-ஐ அழையுங்கள்.

படி 6: முதல் வெளியூர்ப் பயணம்

வண்டி அறிமுகமானபோது கம்பெனி சொன்னது 315 கிலோமீட்டர். ஏ.சி. போட்டு 80 வேகத்தில் போனால் ஹைவேயில் எனக்குக் கிடைப்பது 180-ஐ ஒட்டி. தாம்பரத்திலிருந்து விழுப்புரம் அந்தக் கணக்கில் வந்துவிடும், ஆனாலும் முதல் தடவை திண்டிவனத்தில் நிறுத்தினேன். ஒரு சார்ஜர் கைவிட்டாலும் அடுத்ததுக்குப் போகும் அளவு சார்ஜோடுதான் எங்கும் போய்ச் சேர வேண்டும். குறைந்தது இரண்டு சார்ஜிங் ஆப்களில் முன்கூட்டியே பணம் போட்டு வையுங்கள். கிளம்பும் முன் சார்ஜர் இருக்கும் ஓட்டலுக்கே போன் போட்டு, "இன்னைக்கு யாராவது சார்ஜ் போட்டாங்களா?" என்று கேளுங்கள். ஆப்பில் காட்டும் பச்சைப் புள்ளியைவிட இந்தப் பதிலை நான் நம்புவேன்.

சார்ஜர் ஓடவில்லை என்றால் முதலில் அதிலிருக்கும் சிவப்பு எமர்ஜென்சி பட்டனைப் பாருங்கள். யாராவது தெரியாமல் அழுத்திவிட்டுப் போயிருப்பார்கள். அங்கிருப்பவரைக் கேட்டுக்கொண்டு திருகி விட்டால் வெளியே வந்துவிடும். 10-லிருந்து 80 வரை ஏற ஒரு மணி நேரத்தை ஒட்டி ஆகும். 80-க்கு மேல் ஏற்றம் நொண்டும், பின்னால் நிற்பவருக்கு இடம் விடுங்கள்.

பின்சேர்க்கை: கருத்துகளில் வந்தவை

வீட்டில் பவர் கட் ஆனபோது ஜெனரேட்டரில் சார்ஜ் போட்டால் சிவப்பு வருகிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். பல சின்ன ஜெனரேட்டர்களில் நியூட்ரல் மண்ணோடு சேர்ந்திருக்காது, அதனால் சார்ஜர் மறுக்கும். அது சரியாகத்தான் செய்கிறது, கரண்ட் வரும்வரை காத்திருங்கள்.

பேட்டரி 70 சதவீதம் இருந்தும் வண்டி ஆன் ஆகவில்லை என்றார் ஒருவர். பெட்ரோல் கார் மாதிரியே இதிலும் ஒரு 12 வோல்ட் பேட்டரி உண்டு. அது இறங்கினால் பெரிய பேட்டரி இருந்தும் பயனில்லை. ஊருக்குப் போகும்போது டாஷ்கேமை (முன்கண்ணாடியில் மாட்டும் கேமரா) அப்படியே விட்டுப் போகாதீர்கள், அது இந்த 12 வோல்ட் பேட்டரியை இறக்கிவிடும்.

வாடகை வீட்டில் இருக்கும் ஒரு தங்கை, வீட்டுக்காரர் எர்த் குழி தோண்ட விடவில்லை, ஆன்லைனில் எர்த் இல்லாமலே ஓட வைக்கும் சின்ன அடாப்டர் விற்கிறார்களே, வாங்கலாமா என்று கேட்டிருந்தார். வேண்டாம்மா. உள்ளே இருப்பது அதே லூப்தான். செலவை நீங்கள் ஏற்றுக்கொள்வதாகச் சொல்லி இன்னொரு முறை கேட்டுப் பாருங்கள், எங்களுக்கு ஆறாயிரத்துக்குள் முடிந்தது. அதுவரை பொது சார்ஜரில் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்த மே மாதம் மறுபடியும் அளந்து பார்த்தோம். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே 1.2 இருந்த இடத்தில் 2.6 காட்டியது, மண் காய்ந்திருந்தது. குழியில் நான்கு வாளித் தண்ணீர் ஊற்றி மறுநாள் அளந்தபோது 1.4-க்கு இறங்கியிருந்தது. கோடையில் துளசிக்கு ஊற்றும்போது அங்கேயும் ஒரு வாளி ஊற்றிவிடுகிறோம்.