பழைய இத்தாலியப் போலீஸ் படங்கள்: டிவிடியில் இருக்கும் இத்தாலிய ஒலியை ப்ளூ-ரே படத்தோடு சேர்ப்பது எப்படி?

1970களின் இத்தாலியப் போலீஸ், ரவுடிப் படங்கள் (பொலிட்ஸியோத்தெஸ்கி என்று சொன்னால்தான் கடைக்காரருக்குப் புரியும்) வாங்குகிறவர்களுக்கு ஒரு சிக்கல் அடிக்கடி வரும். ப்ளூ-ரேயில் படம் பளிச்சென்று இருக்கும், ஒலி ஆங்கிலம் மட்டும். பழைய இத்தாலிய டிவிடியில் ஒலி சரியாக இருக்கும், படம் மங்கல். இரண்டையும் ஒரே கோப்பாக்கும் வழி இது. இரண்டு வட்டுகளையும் எம்கேவி கோப்பாக எடுத்து வைத்திருக்கிறீர்கள் என்ற இடத்திலிருந்து தொடங்குகிறேன்.

முதலில், எந்தப் படத்துக்கு இந்த உழைப்பு தகும்? அந்தக் காலத்து இத்தாலியில் படப்பிடிப்பில் ஒலி எடுப்பது அரிது. நடிகர்கள் அவரவர் மொழியில் பேசுவார்கள், பிறகு எல்லாமே டப்பிங். அதனால் இத்தாலிய ஒலியும் டப்பிங்தான். ஆனாலும் தோமாஸ் மிலியான் நடித்த படங்களை இத்தாலியத்தில்தான் பார்க்க வேண்டும். கியூபாவில் பிறந்த அவருக்குப் பெரும்பாலான படங்களில் குரல் கொடுத்தவர் ஃபெருச்சோ அமெந்தோலா. அந்த ரோமாபுரிக் கொச்சை ஆங்கிலத்தில் அப்படியே காணாமல் போகிறது. உம்பெர்த்தோ லென்சியின் 'ரோமா ஆ மானோ அர்மாத்தா' (1976) நல்ல உதாரணம். ஃபெர்னாந்தோ தி லேயோவின் 'லா மாலா ஓர்தினா' (1972) படத்தில் ஹென்றி சில்வாவும் வுடி ஸ்ட்ரோடும் நியூயார்க் கூலிக்கொலையாளிகளாகவே வருகிறார்கள். அதை ஆங்கிலத்தில் பார்த்தாலும் பெரிய நட்டமில்லை.

தேவையான மென்பொருள்கள்: மீடியாஇன்ஃபோ, ஆடாசிட்டி (எஃப்எஃப்எம்பெக் நூலகத்தோடு, இல்லாவிட்டால் எம்கேவியைத் திறக்காது), எம்கேவிடூல்நிக்ஸ், சப்டைட்டில் எடிட். நான்கும் இலவசம். காசு கொடுத்து வாங்கும் எடிட்டிங் மென்பொருள் எதுவும் இதற்கு வேண்டாம்.

1. வேகத்தைக் கண்டுபிடியுங்கள்

மீடியாஇன்ஃபோவில் இரண்டு கோப்பின் ஃபிரேம் ரேட்டையும் பாருங்கள். இத்தாலிய டிவிடி பால் முறை (ஐரோப்பியத் தொலைக்காட்சி முறை), விநாடிக்கு 25 ஃபிரேம். ப்ளூ-ரே 23.976 ஆகவோ 24 ஆகவோ இருக்கும். இந்த இரண்டையும் ஒன்றென்று நினைக்காதீர்கள். 100 நிமிடப் படத்தில் 6 விநாடி விலகிவிடும்.

எண்ணை மட்டும் நம்பாமல் அளந்தும் பாருங்கள். இரண்டு ஒலியையும் ஆடாசிட்டியில் ஏற்றி, படத்தின் முற்பகுதியில் ஒரு துப்பாக்கிச் சத்தம், பிற்பகுதியில் ஒன்று தேர்ந்தெடுங்கள். ப்ளூ-ரேயில் இரண்டுக்கும் இடையே 4800 விநாடி என்றால், டிவிடியில் 4603.4 வந்தால் ப்ளூ-ரே 23.976, 4608 வந்தால் 24. இரண்டுக்கும் ஒட்டாமல் 4590 போல ஏதாவது வந்தால் டிவிடியில் காட்சி வெட்டப்பட்டிருக்கிறது. டைட்டில் பகுதியில் மட்டும் அளக்காதீர்கள். ஏற்றுமதிப் பிரதிக்கு டைட்டிலைத் தனியாகச் செய்திருப்பார்கள், நீளம் மாறும்.

வாயசைவை வைத்து அளப்பதும் வீண். எந்த மொழியிலும் வாய் சரியாகப் பொருந்தாத படங்கள் இவை. அரை விநாடி விலகியிருந்தாலும் 'இந்தப் படமே இப்படித்தான்' என்று விட்டுவிடுவோம். இசையும் சத்தங்களும் மட்டும் தனி ஒலிப்பட்டையில் இருந்து எல்லா மொழிக்கும் போகும். ஆகவே துப்பாக்கி, ஆல்ஃபா ரோமியோ ஜூலியா காரின் கதவு அடைபடும் சத்தம், டயர் கிறீச்சிடுவது, இவைதான் அளவுகோல். சில டப்பிங்கில் சத்தங்களையும் புதிதாகச் சேர்த்திருப்பார்கள் என்பதால் மூன்று இடத்திலாவது சரிபாருங்கள்.

2. ஒலியை நீட்டுங்கள்

25இலிருந்து 23.976க்கு மாற்ற, ஆடாசிட்டியின் 'சேஞ்ச் ஸ்பீட் அண்ட் பிட்ச்' பெட்டியில் சதவீதம் -4.096. 24க்கு மாற்ற -4.000. 0.959 மடங்கு என்று சுருக்கிப் போட்டால் 90 நிமிடத்தில் கால் விநாடி விலகும். புராஜெக்ட் ரேட் 48000 ஆக இருக்கட்டும்.

டிவிடிக்காகப் படத்தை 25 ஃபிரேமில் ஓட்டி வேகம் கூடும்போது சுருதியும் கிட்டத்தட்ட முக்கால் அரைச்சுரம் ஏறும். சில டிவிடிகளில் சுருதியை மட்டும் பழைய நிலைக்குக் கொண்டுவந்திருப்பார்கள். அதற்கு 'சேஞ்ச் டெம்போ'தான் சரி, மற்றதைப் போட்டால் நடிகர் மவுரீட்சியோ மெர்லி குகைக்குள்ளிருந்து பேசுவார். சோதிப்பது சுலபம்: டிவிடியின் தீம் இசையையும் ப்ளூ-ரேயின் தீம் இசையையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். டிவிடி கீச்சென்று இருந்தால் முதல் வழி, ஒரே சுருதி என்றால் இரண்டாவது.

3. ரீல் ஒட்டும் இடங்கள்

பலரும் கைவிடும் இடம் இதுதான். முதல் 20 நிமிடம் கச்சிதமாக இருக்கும், திடீரென்று அரை விநாடி தள்ளிப்போகும். வேகத்தை மீண்டும் மீண்டும் மாற்றிப் பார்ப்பதில் பயனில்லை. மெல்ல மெல்ல விலகினால்தான் வேகத் தவறு. ஒரே தாவலாக விலகினால் அங்கே ஃபிரேம்கள் தொலைந்திருக்கின்றன.

600 மீட்டர் ரீல் சுமார் 22 நிமிடம் ஓடும். தியேட்டரில் ஓடிய பிரதியின் ரீல் நுனிகள் கிழிந்து, வெட்டி ஒட்டப்பட்டிருக்கும். அப்படிப்பட்ட பிரதியிலிருந்து எடுத்த டிவிடி என்றால் வலது மேல் மூலையில் பொட்டு தெரியும்: ரீல் முடிய 8 விநாடிக்கு முன் ஒன்று, 1 விநாடிக்கு முன் இன்னொன்று. இரண்டாவது பொட்டைத் தாண்டியதும் தேடுங்கள்.

ஒரு ஃபிரேம் 41.7 மில்லி விநாடி. 12 ஃபிரேம் குறைந்தால் அரை விநாடி இடைவெளியைச் செருக வேண்டும். வெறும் மௌனத்தைச் செருகாதீர்கள். பழைய ஒலியில் எப்போதும் ஓடும் இரைச்சல் சட்டென்று அறுந்து காதில் குத்தும். பக்கத்தில் யாரும் பேசாத இடத்து இரைச்சலை நகலெடுத்து ஒட்டுங்கள். படத்தின் தொடக்கத்திலிருந்து வரிசையாகச் சரிசெய்யுங்கள், ஏனென்றால் ஒவ்வொரு செருகலும் அதற்குப் பின்னால் உள்ள அனைத்தையும் நகர்த்தும்.

4. சேமித்துச் சேருங்கள்

இவை மோனோ படங்கள். டிவிடியின் 2.0 ஒலியில் இரு பக்கமும் ஒன்றே என்றால் ஒன்றை வைத்துக்கொண்டு மோனோ ஃபிளாக்காக (தரம் குறையாத ஒலிக் கோப்பு) சேமியுங்கள். டிவிடியில் 5.1 இருந்தாலும் அதைத் தொடாதீர்கள், பின்னாளில் ஊதிப் பெருக்கியது.

எம்கேவிடூல்நிக்ஸில் ப்ளூ-ரே கோப்பையும் ஃபிளாக்கையும் சேர்த்து, மொழியை இத்தாலியம் என்று குறித்து, முதன்மைத் தடமாக்குங்கள். கடைசியில் மிச்சமிருக்கும் சிறு விலகலை டிலே பெட்டியில் மில்லி விநாடியில் கொடுங்கள். பக்கத்திலேயே நீட்டிப்புப் பெட்டியும் இருக்கிறது. அதை ஒலிக்குப் பயன்படுத்தக் கூடாது; நேரக்குறியை மட்டும்தான் மாற்றும், ஒலி விட்டுவிட்டு வரும். டிவிடியின் பட வடிவ சப்டைட்டிலுக்கு அது நன்றாக வேலை செய்யும்: 25025/24000 என்று போடுங்கள். ப்ளூ-ரே 24 என்றால் 25/24. எழுத்து வடிவ சப்டைட்டில் என்றால் சப்டைட்டில் எடிட்டில் ஃபிரேம் ரேட்டை மாற்றுங்கள். ரீல் தாவல்களை அதிலும் திருத்த வேண்டும், அந்த வரியிலிருந்து பின்னால் உள்ள அனைத்தையும் நகர்த்தி.

பின்சேர்ப்பு: சப்டைட்டில் ஒலியோடு ஒட்டவில்லை, நேரம் மட்டும் சரியாக இருக்கிறது என்றால் அது ஆங்கில டப்பிங்கை எழுதிவைத்தது. இத்தாலியத்தில் நீளமாகத் திட்டும்போது திரையில் இரண்டே சொல் வரும். இத்தாலியத்திலிருந்து மொழிபெயர்த்த சப்டைட்டிலைத் தேட வேண்டியதுதான்.

பின்சேர்ப்பு 2: ப்ளூ-ரேயில் இருக்கும் காட்சி டிவிடியில் இல்லாவிட்டால், அந்த இடத்துக்கு ப்ளூ-ரேயின் ஒலியையே நகலெடுத்து ஒட்டுங்கள். ஒட்டும் முன் இரண்டின் ஒலி அளவையும் சமப்படுத்துங்கள். டிவிடி பெரும்பாலும் தாழ்வாக இருக்கும்.