பேச்சு வராத பிள்ளையை எப்படிக் கவனிப்பது

என் பையனுக்கு இரண்டு வயதாகியும் பேச்சு வரவில்லை. "உங்க மாமனும் நாலு வயசுலதான் பேசுனான், விடு கண்ணு" என்றார் கோபியில் இருக்கும் என் அப்புச்சி. விட்டோம். ஒரு வருடம் போயிற்று.

பேச்சை மட்டும் பார்க்காதீர்கள். ஆட்டிசத்தின் அறிகுறிகளும் இருக்கின்றனவா என்று பாருங்கள்; மற்றவர்களோடு பழகுவதும் பேசுவதும் வேறு மாதிரி அமையும் மூளை வளர்ச்சி நிலை அது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா? வரப்பில் மயிலைக் கண்டால் உங்களுக்கு விரல் நீட்டிக் காட்டுகிறானா? என் பையன் காட்டமாட்டான். என் கையை இழுத்துக்கொண்டு போய்த் தண்ணீர்ச் சொம்பின் மேல் வைப்பான். இதையெல்லாம் செல்போனில் வீடியோ எடுத்து வையுங்கள். மருத்துவர் முன்னால் பிள்ளைகள் வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

முதலில் காது பரிசோதனை. அப்புறம் மாவட்ட அரசு மருத்துவமனையில் குழந்தைகளுக்கான ஆரம்பநிலை இடையீட்டு மையத்தை, அதாவது வளர்ச்சிக் குறைகளைச் சீக்கிரமே கண்டு பயிற்சி தரும் இடத்தை, விசாரியுங்கள். 18 வயது வரை இலவசம். ஆட்டிசமா இல்லையா என்று முடிவாகும் வரை காத்திருக்க வேண்டாம், பேச்சுப் பயிற்சியைத் தொடங்கிவிடலாம். வளர்ப்பு சரியில்லை என்று யாராவது சொன்னால், "சரிங்க" என்று நகர்ந்துவிடுங்கள்.