மாடும் மனிதரும் ஒரே ஆய்வில்: கன்று வீச்சு நோய் பற்றிய முதுகலை ஆய்வைத் தொடங்குவது எப்படி?

விலங்கிலிருந்து மனிதருக்குத் தொற்றும் நோயை ஆய்வேட்டுக்கு எடுக்க விரும்பும் முதுகலை மாணவர்களுக்கு நான் முதலில் சொல்வது கன்று வீச்சு நோய், அதாவது புரூசெல்லோசிஸ். சினையின் பிற்பாதியில் மாடு கன்று வீசிவிடும், அதாவது கரு கலைந்துவிடும். நஞ்சுக்கொடியை வெறுங்கையால் அள்ளிப் போட்டவருக்குச் சில வாரங்களில் விட்டுவிட்டுக் காய்ச்சலும் மூட்டுவலியும் வரும். டைபாய்டு என்று மருந்து வாங்கிக்கொண்டு அலைவார். உங்கள் வீட்டு மாடு கன்று வீசியதா என்று அவரிடம் யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்கத்தான் இந்த ஆய்வு.

தலைப்பு, முன்வரைவு பற்றியெல்லாம் உங்கள் நெறியாளர் சொல்வார். களத்தில் கால் வைத்த பிறகு தெரியவருபவற்றை மட்டும் எழுதுகிறேன்.

படி 1: இரண்டு ஒப்புதல்கள்

மனித ரத்தத்துக்கு ஒரு நெறிமுறைக் குழு, மாட்டு ரத்தத்துக்கு வேறொரு குழு. இரண்டுக்கும் ஒரே வாரத்தில் விண்ணப்பியுங்கள். ஒன்று முடியட்டும் என்று காத்திருந்தால் பருவம் கடந்துவிடும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்) 2017ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளை முழுதும் படியுங்கள். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் எழுதி, மாடு வளர்க்கும் ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள். அவர் இடைமறித்துக் கேட்கும் வரியைத் திருத்துங்கள்.

படி 2: எத்தனை மாதிரிகள்?

எத்தனை சதவீதத்துக்கு நோய் இருக்கிறது என்று தெரியாதபோது 50 சதவீதம் என்று கொண்டு, 95 சதவீத நம்பிக்கை அளவும் 5 சதவீதப் பிழை வரம்பும் வைத்தால் 384 மாதிரிகள் வரும். பல ஆய்வேடுகள் இங்கேயே நின்றுவிடுகின்றன. ஒரே தொழுவத்து மாடுகள் ஒன்றிடமிருந்து இன்னொன்று தொற்றிக்கொள்பவை. அவற்றைத் தனித்தனி மாடுகளாக எண்ணினால் கணக்கு பொய்க்கும். தொழுவ அளவுக்கு ஏற்ப எண்ணிக்கையைக் கூட்டத்தான் வேண்டும். கணக்கிட ஓப்பன்எபி என்ற இணையக் கருவி போதும், இலவசம்.

படி 3: வீட்டுக் குறியீடு

ஆய்வு நிலைப்பதும் கவிழ்வதும் இங்கேதான். மாட்டுச் சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீர்) ஒரு பட்டியலிலும் மனிதச் சீரம் இன்னொரு பட்டியலிலும் இருந்தால், உங்களிடம் இருப்பவை தொடர்பற்ற இரண்டு ஆய்வுகள். முதல் நாளே ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் எண் கொடுங்கள். வீடு 012 என்றால், அங்குள்ள நபர்கள் 012-ந1, 012-ந2. கால்நடைகள் 012-க1, 012-க2. மனிதருக்கு ‘ம’, மாட்டுக்கு ‘மா’ என்று வைக்காதீர்கள். ஈரக் குழாயில் அந்தத் துணைக்கால் அழிந்தால் மாடு மனிதராகிவிடும்.

குறியீட்டைத் துணி டேப்பில் பென்சிலால் எழுதிக் குழாயின் உடலில் ஒட்டுங்கள். ஐஸ் பெட்டி நீரில் பேனா மை கரைந்துவிடும். மூடியில் மட்டும் எழுதினால், சீரம் பிரிக்கும்போது நான்கு மூடிகள் மேசையில் கிடக்கும், எது எதனுடையது என்று தெரியாது.

மாட்டின் காதுவில்லையில் உள்ள 12 இலக்க எண்ணையும் குறியுங்கள். தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்படி 4 முதல் 8 மாதக் கிடேரிக் கன்றுகளுக்கு எஸ்19 தடுப்பூசி போடப்படுகிறது. தடுப்பூசியால் வந்த எதிர்ப்புப் பொருளையும் நோயால் வந்ததையும் நீங்கள் செய்யப்போகும் பரிசோதனை பிரித்துச் சொல்லாது. தடுப்பூசி விவரம் இல்லாத பாசிட்டிவ் முடிவை வைத்து எதையும் எழுத முடியாது.

விவரங்களைப் பதிவுசெய்ய நான் காகிதத்தை விட்டுவிட்டு கோபோ டூல்பாக்ஸ் என்ற படிவச் செயலிக்கு மாறிவிட்டேன். சிக்னல் இல்லாத ஊரிலும் கைபேசியில் தமிழிலேயே நிரப்பலாம்.

படி 4: சீரம்

ரத்தம் உறையும் முன் ஐஸில் வைக்காதீர்கள். குழாயைச் சாய்த்து, நிழலில் உறையவிட்டுச் சீரத்தைப் பிரித்தெடுங்கள். கிருமியை வளர்க்கும் ஆசை மட்டும் வேண்டாம். ஆய்வகத்திலேயே தொற்றும் கிருமிகளில் இந்நோயின் கிருமியான புரூசெல்லா முன்வரிசையில் நிற்பது. உயர் பாதுகாப்பு ஆய்வகம் இல்லாத இடத்தில் சீரத்தோடு நின்றுகொள்வதே அறிவு.

படி 5: ரோஸ் பெங்கால் பரிசோதனை

ஆன்டிஜனையும் (சாயமேற்றிய, கொல்லப்பட்ட புரூசெல்லா கிருமித் திரவம்) சீரத்தையும் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து அறை வெப்பத்துக்கு வரவிடுங்கள். ஆன்டிஜன் புட்டியை நன்றாகக் கலக்கி, வெள்ளைத் தட்டில் 30 மைக்ரோலிட்டர் சீரத்தோடு அதே அளவு ஆன்டிஜன் சேர்த்து, 2 செ.மீ. வட்டமாகப் பரப்பி, 4 நிமிடம் தட்டை மெல்ல அசைத்துக்கொண்டிருங்கள். இளஞ்சிவப்புத் துளி ரவை போலத் திரிந்தால் பாசிட்டிவ். நேரம் கடந்தால் துளியின் விளிம்பு உலர்ந்து பொய்த் திரிவு காட்டும். கடிகாரத்தை எதிரில் வையுங்கள். முடிவு ஏற்கெனவே தெரிந்த பாசிட்டிவ், நெகட்டிவ் ஒப்புச் சீரங்களை ஒவ்வொரு நாளும் சேர்த்தே ஓட்டுங்கள். பாசிட்டிவ் வந்தவற்றை எலைசா என்ற எதிர்ப்புப் பொருள் பரிசோதனையால் உறுதிசெய்யுங்கள்.

படி 6: முடிவை வீட்டுக்குக் கொண்டுபோவது

இதைச் செய்யாத ஆய்வை நான் மதிப்பதில்லை. காய்ச்சலோடு பாசிட்டிவ் வந்தவருக்கு டாக்ஸிசைக்ளினுடன் இன்னொரு மருந்தும் சேர்த்து 6 வாரம் தர வேண்டியிருக்கலாம். அதை முடிவுசெய்ய ஒரு மருத்துவரிடம் ஆய்வு தொடங்குமுன்பே பேசி வையுங்கள். மாட்டின் முடிவை உரிமையாளரிடம் தனியாகச் சொல்லுங்கள். ஊரில் பரவினால் பால் சங்கத்தில் அவர் பாலை வாங்க மாட்டார்கள் என்ற அச்சம் நியாயமானது. பாலைக் காய்ச்சிக் குடிப்பது, கன்று ஈனும்போது கையுறை போடுவது, நஞ்சுக்கொடியை ஆழமாகப் புதைப்பது ஆகிய மூன்றையும் அந்த வீட்டுப் பெண்களிடமும் நேரில் சொல்லுங்கள். தொழுவ வேலையில் பெரும்பகுதி அவர்கள் கையில்தான்.

பின்சேர்க்கை: ஆடுகளில் ஆய்வு செய்யும் சிலர், தெரிந்தே நோயுள்ள மந்தையிலும் நெகட்டிவ் வருவதாக எழுதியிருந்தார்கள். செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் சம அளவு போதாது. சீரம் 75, ஆன்டிஜன் 25 மைக்ரோலிட்டர் என்று எடுத்தால் நோயைக் கண்டுபிடிக்கும் பரிசோதனையின் கூர்மை கூடும். மாற்றிய அளவை ஆய்வேட்டின் செய்முறைப் பகுதியில் மறக்காமல் குறிப்பிடுங்கள்.